பெரியம்மாவின் முழங்கால்

"இந்த முழங்கால் மூடி உங்க கை இல்லையே" என்றார் கண்ணாடிக்காரர்.

மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் விளையாட்டுச் சங்கக் கூடத்தில் யாராவது கத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மெதுவாகப் பேசினால்தான் அத்தனை காதும் நீளும். பக்கத்து மேசையில் தன் பொம்மை டாங்கிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் பஞ்சும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வருஷமாகக் கழுத்து வலியும் கண் எரிச்சலுமாக நான் ஒட்டி, தேய்த்து, பூசி, பிடிக்காமல் கழுவி, மறுபடி பூசி நிறுத்தியிருக்கும் இயந்திரம் அது. என் கை இல்லையாம். பிறகு யார் கை? பேய் வந்து பூசிவிட்டுப் போனதா?

என்ன இயந்திரம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் விளையாடுவது பல்லாயிரம் வருஷத்துக்கு அப்பால் நடக்கிற ஒரு போர். மேசைமேல் இடிந்த நகரம் ஒன்று இருக்கும். அதன் சந்துகளில் கட்டைவிரலில் பாதி உயரத்துக்குச் சிப்பாய்கள் நிற்பார்கள். அளவு நாடாவும் பகடையும் வைத்துக்கொண்டு, வேலை வெட்டி உள்ள வளர்ந்த மனிதர்களான நாங்கள் லீவு நாள் முழுக்கச் சண்டை போடுவோம். அந்தச் சிப்பாய்களின் நடுவே இரண்டு காலால் நடக்கிற ராட்சத இயந்திரங்கள் சில உண்டு. என்னுடையது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உயரம். முதுகில் உலை, தோளில் பீரங்கி, ஒரு கையில் ரம்பம், நெஞ்சுக்குள் ஓர் அறை, அந்த அறைக்குள் அரிசி அளவு தலையோடு ஓர் ஓட்டி. எல்லாம் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் வரும். வெட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டு, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். அதன் இடுப்பு அகலத்தைப் பார்த்து 'பெரியம்மா' என்று நான்தான் பெயர் வைத்தேன். என் சொந்தப் பெரியம்மாவுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எனக்குத் தொழில் பல் கட்டுவது. லேபில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்கள் வாய்க்குப் பல் செட் செய்கிறேன். அதனால் சங்கத்தில் என்னைப் பல்லக்கா என்பார்கள். முன்கோபி என்றும் ஒரு பெயர் இருக்கிறது, அது முதுகுக்குப் பின்னால்.

எங்கள் ஆண்டுப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருளை மேசையில் நிறுத்தியதும் பக்கத்தில் உள்ளங்கையை விரித்து வைத்து, "இது என் கை" என்று சொல்ல வேண்டும். ஒட்டியதும் நானே, பூசியதும் நானே என்று அதற்கு அர்த்தம். வேறு யாராவது எதையாவது தொட்டிருந்தால், "சக்கரம் மட்டும் மச்சான் கை" என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அந்தப் பகுதிக்கு மார்க் கிடையாது, அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டிக்கொண்டால், எல்லோரும் பார்க்க அந்தப் பொருளை மேசையிலேயே படுக்க வைத்துவிடுவார்கள். அதன் சொந்தக்காரர் அடுத்த போட்டியில் வேடிக்கை பார்க்கலாம், கை சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்திருக்கிறது. அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

முதலாவதாக வருகிற இயந்திரம்தான் வருஷக் கடைசியில் நடக்கும் பெரும்போரில் எங்கள் படைக்குத் தலைமை. நான் குறி வைத்திருந்தது அதற்குத்தான். சனிக்கிழமை கை சொல்லி முடிந்து நடுவர் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை முடிவு. இந்தத் தடவை நடுவர் கண்ணாடிக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் ஏற்கெனவே வாய்க்கால் தகராறு. போன போட்டியில் என் டாங்கியில் நான் இழுத்திருந்த துருக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "துரு அழகா இருக்கு, ஆனா தண்ணி எங்கேருந்து ஒழுகிச்சு?" என்று கேட்டவர். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது.

"எந்த மூடி?" என்றேன்.

"இடது கால். உள்பக்கம் இருக்கே, அது."

"அதுல என்ன கொறையக் கண்டீங்க?"

"கொறை ஒண்ணும் இல்லீங்க. நீங்க ஒரு தடவ கழட்டிப் பாத்துடுங்க. பாத்துட்டு மறுபடி கை சொல்லுங்க. நான் இன்னும் எதுவும் எழுதல."

அங்கேயே கழற்றியிருக்கலாம். மூடி காந்தத்தில்தான் நிற்கிறது, நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். ஆனால் கழற்றினால் அவர் சந்தேகத்துக்கு மரியாதை கொடுத்ததாகிவிடுமே. நான் ஏன் கொடுக்க வேண்டும்? உள்ளங்கையை மேசையில் இன்னொரு தடவை பட்டென்று வைத்தேன்.

"தலையிலேருந்து பாதம் வரைக்கும், உள்ளயும் வெளியயும், இது என் கை. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

எல்லோருக்கும் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது மானம் மிஞ்சியிருக்கும். "ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறீங்க, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுக்கலையா?" என்றும் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் தன் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அது என்னை இன்னும் கொளுத்தியது.

மற்றவர்கள் பொருளைக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நான் பெரியம்மாவைப் பெட்டியில் படுக்க வைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கூட்டத்தை நம்பி விட்டுவர எனக்கு மனசில்லை.

என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். ரத்தம், அலறல், நெரிசல் எதற்கும் அசராத மனுஷன் என்று அவருடைய ஆட்களெல்லாம் சொல்வார்கள். நான் உள்ளே நுழைந்தபோது அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன், பையை நாற்காலிமேல் எறிந்தேன், ஆரம்பித்தேன்.

"அந்த ஆளுக்கு எம்மேல என்ன காண்டுன்னு தெரியல. அத்தனை பேர் முன்னாடி உங்க கை இல்லன்னு சொல்றான். காசு குடுத்து ஆள் வச்சுப் பூசினேன்னு நெனச்சுட்டானா?"

"யாரு?"

"கண்ணாடிக்காரன்தான். வேற யாரு இருக்கா?"

வழக்கமாக இந்த இடத்தில் அவரும் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டுவார். எங்கள் வீட்டில் அது ஒரு குடும்பப் பொழுதுபோக்கு. இன்றைக்குத் திட்டவில்லை. டீயை வடிகட்டினார், வடிகட்டியதையே மறுபடி வடிகட்டினார்.

"சரியா என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"முழங்கால் மூடி என் கை இல்லையாம்."

"ஓ."

"ஓ வா? என்ன ஓ?"

"இல்ல, விடேன். பெரிய மனுஷன், ஏதோ தோணினதச் சொல்லியிருப்பாரு. நல்ல மனுஷன்தான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "நல்ல மனுஷன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொதுவாச் சொன்னேன்."

"சங்கத்து வாசல்ல கூட நீங்க கால் வச்சதில்ல. அவரை எங்க பாத்தீங்க?"

"கடைக்கு ஒரு தடவ போனேன். கண்ணாடி பாக்கலாம்னு."

இந்த மனுஷனுக்குக் கண் பருந்துக் கண். தெருக்கோடி வண்டியின் நம்பரை வாசலில் நின்று வாசிப்பார். கண்ணாடி பார்க்கப் போனாராம். பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும், இவருக்கு அதில் அரிச்சுவடியே தெரியாது.

நான் பெட்டியைத் திறந்தேன். பெரியம்மாவை எடுத்து விளக்கடியில் நிறுத்தினேன். இடது காலின் உள்பக்கம் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பார்த்தேன். அதே சாம்பல் வெள்ளை, அதே கருஞ்சிவப்பு விளிம்பு, பஞ்சால் ஒற்றி எடுத்த அதே கீறல்கள். எல்லாம் என்னுடையதுதான். ஆனால் ஏதோ உறுத்தியது. பல் செட்டில் ஒரே ஒரு பல் மட்டும் வேறு நிறக் கலவையில் விழுந்துவிட்டால் எப்படி உறுத்துமோ அப்படி.

வெளிச்சம். பெரியம்மாவின்மேல் வெயில் தலைக்கு மேலிருந்து விழுகிறது. அதனால் ஒவ்வொரு துண்டிலும் மேல் விளிம்பு வெளுத்தும் கீழ் விளிம்பு இருண்டும் பூசியிருந்தேன். தோள், வயிறு, தொடை, விரல் எல்லாம் அப்படித்தான். இந்த ஒரு மூடியில் மட்டும் வெளிச்சம் தரையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நகத்தால் நெம்பி எடுத்தேன். மூடி வட்டமாக இருக்கும், நடுவில் ஒற்றைக் காந்தம். எப்படி வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், எது மேல்பக்கம் என்று தெரிய ஒவ்வொரு மூடியின் உள்ளேயும் ஊசியால் ஒரு புள்ளி குத்திவைப்பது என் பழக்கம். இதைத் திருப்பினேன். புள்ளி இல்லை. காந்தத்தைச் சுற்றி நான் வாங்கவே வாங்காத பச்சை மக்குப் பசை, நகம் வெட்டின மாதிரி சுத்தமாக வழித்து விடப்பட்டிருந்தது.

மூடியை அரைச்சுற்று திருப்பிக் காலில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் சரியாக மேலேயிருந்து விழுந்தது. என்னுடையதோடு வைத்தால் எது எவர் கை என்று என்னாலேயே சொல்ல முடியாது. அதுதான் முதலில் சுட்டது.

"சொல்லுங்க" என்றேன்.

நின்றபடியே சொன்னார். நான் லேபில் இருந்த ஒரு நாள், வீட்டில் என் மேசைக்கு மேலே விளக்கு மினுக்குகிறதே என்று மாற்ற ஏணி போட்டிருக்கிறார். வார்னிஷ் அடித்த மூடிகளை நான் மேசைமேல் காயவைத்திருந்தேன். பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு ஏறும்போது ஒரு மூடி அதன் காம்பில் ஒட்டிக்கொண்டதை மனுஷன் கவனிக்கவில்லை. மேலே போய் அது விழுந்திருக்கிறது. இறங்கும்போது அதன்மேலேயே மிதித்துவிட்டார். மூன்று துண்டு.

"சட்டத்துல அதே மாதிரி மூடி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. வெறும் பிளாஸ்டிக். பெயிண்ட் அடிக்க எனக்கு எங்க தெரியும்? அவருகிட்ட எடுத்துட்டுப் போனேன். ஜோடி மூடியையும் காட்டினேன், பாத்து அன்னைக்கே பூசிக் குடுத்தாரு. நீ வர்றதுக்குள்ள மூடியெல்லாம் நானே மாட்டி வச்சுட்டேன்."

"ஊர்ல வேற ஆளே இல்லையா? அந்தாளுகிட்டதான் போகணுமா?"

"நீ வேற யாரையும் இவ்வளவு திட்ட மாட்ட. அவருதான் உங்க கூட்டத்துலயே நல்லாப் பூசுறவருன்னு அதுலேருந்துதான் எனக்குத் தெரியும்."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

"அவரு என்ன சொன்னாரு?"

"போட்டிக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடணும்னாரு. சொல்றேன்னு சொல்லித்தான் வாங்கிட்டு வந்தேன்."

"சொன்னீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் நெனப்பேன். பயமா இருந்துச்சு. போன தடவ அந்தப் பீரங்கிக் குழாய் என் கைபட்டு வளைஞ்சப்போ நீ மூணு நாள் பேசல."

"பேசலதான். நாலாவது நாள் வெந்நீர்ல போட்டு நிமித்திட்டேன்ல? உடைஞ்சதை ஒட்டறதுதான் எனக்குப் பொழப்பே. மூணு துண்டை என் கையில குடுத்திருந்தா, திட்டிக்கிட்டே ஒட்டியிருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்."

"தெரியும். இருந்தாலும்..."

"இருந்தாலும் என்ன? நான் என்ன கடிச்சா வைப்பேன்? ரோட்டுல கால் துண்டாகிக் கெடக்கிறவனை அள்ளிட்டு வர்ற ஆளு நீ. பிளாஸ்டிக் முழங்கால் உடைஞ்சதை ஒரு பொம்பளைகிட்ட சொல்ல உனக்குத் தைரியம் இல்ல."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை 'நீ' என்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவருக்கும் அது உறைத்தது, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. உடைந்தது எனக்குப் பெரிதில்லை, அதைத்தான் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. நான் இன்றைக்கு அத்தனை பேர் எதிரில் மேசையில் அறைந்து சொன்னேனே, தலையிலிருந்து பாதம் வரை என்று. அது பொய். அவருடைய பொய்யை என் வாயில் வைத்து என்னையே சொல்லவைத்துவிட்டார்.

"நான் வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றார் கடைசியில்.

"வரத்தான் போறீங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் யாரிடமோ டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் போனபோது கூடம் நிறைந்திருந்தது. செயலாளர் தாளைப் பிரித்துக்கொண்டு முடிவு சொல்லத் தயாராக நின்றார். அவர் தரைக்கு டைல்ஸ் போடுகிறவர், எது கோணலாக இருந்தாலும் தட்டிச் சமமாக்கிவிடுகிற மனுஷன். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவை அவளுடைய இடத்தில் நிறுத்தினேன். கையை மேசையில் வைக்கவில்லை.

"நேத்து நான் சொன்னது பொய். இடது கால் உள்மூடி என் கை இல்ல. கண்ணாடிக்காரர் கை. எனக்குத் தெரியாமத்தான் நடந்துச்சு. ஆனா கழட்டிப் பாருங்கன்னு அவரு சொன்னாரு, நான் பாக்காம சத்தியம் பண்ணேன். அவரைக் கண்டபடி பேசவும் பேசினேன். அதுக்கு மன்னிச்சுக்குங்க."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். "பரவால்லீங்க" என்றார்.

"பரவால்லன்னு நீங்க சொல்லாதீங்க. உங்ககிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு. உங்க கடைக்கும் என் லேபுக்கும் நடுவுல ரெண்டு தெரு. நேரா வந்து, 'அம்மா, இப்படி ஆச்சு, மூடி என்கிட்ட வந்துச்சு'ன்னு சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"உங்க வீட்டுக்காரரு தானே சொல்றேன்னு கேட்டுக்கிட்டாரு. புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"நடுவுல இருந்தது என் பேரு. அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எனக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணீங்க. அது எதுக்குன்னு கேக்கறேன்."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பதில் சொல்ல முடியாத கேள்வி அவருக்கும் ஒன்று கிடைத்ததில், அந்த நிலைமையிலும் எனக்கு அற்ப திருப்தி.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூலில் நிறுத்தி வைத்த மாதிரி நின்று, ஏணி, ஸ்க்ரூடிரைவர், மிதித்தது எல்லாவற்றையும் சொன்னார். "இவங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. மொத்தமும் என் தப்பு. பயமா இருந்துச்சு."

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அதற்குத்தான் காத்திருந்த மாதிரி கூடம் முழுக்கச் சிரித்தது.

"நம்ம கட்சி" என்றார் எலக்ட்ரீஷியன். "நானும் வீட்டுல வாயே தொறக்கறதில்ல."

"பல்லக்காகிட்ட யாருக்குத்தான் பயம் இல்ல?" என்றார் இன்னொருவர்.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். "விடுங்கம்மா. வீட்டுக்கு வீடு இதே கதைதான். மனுஷன் பயந்துபோய்ப் பண்ணிட்டாரு. வேணும்னு யாரும் பண்ணல. மூடிக்கு மட்டும் மார்க்கைக் கழிச்சுக்குவோம், மத்தபடி பெரியம்மா நிக்கட்டும். என்ன, நடுவரே?"

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். "அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்" என்றார்.

பெரியம்மா நிற்கலாம். முதல் பரிசும் வரலாம். அந்தத் தாளில் எங்கள் பெயர் எந்த வரிசையில் இருந்தது என்று செயலாளரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் ஒரு வருஷம் கேட்டது தட்டில் வைத்து நீட்டப்பட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் அவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரிப்பது மட்டும்தான்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. நேற்று பொய்க்காரி என்று நினைத்தார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இன்றைக்கு நான் ஒரு வேடிக்கை. புருஷன் பயப்படுகிற பெண்டாட்டி, அவளுக்குப் பயந்து ஊரே கூடி மறைத்த ஒரு முழங்கால், என்ன செய்வது, பாவம் அந்த மனுஷன். இந்தச் சிரிப்பின்மேல் பெரியம்மா நின்றால், வருஷக் கடைசிப் போரில் அவள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் இந்தச் சிரிப்புத்தான் கேட்கும். நான் கை சொல்கிற ஒவ்வொரு தடவையும், "வீட்டுல கேட்டுட்டீங்களா?" என்று ஒருவன் கேட்பான்.

"ஒருத்தர் ஆள் வச்சுப் பூசிட்டு மறைச்சா படுக்க வைப்பீங்க. என் விஷயத்துல மட்டும் எதுக்குச் சிரிப்பு?" என்றேன். "நான் சொன்னது பொய்யா இல்லையா?"

"பொய்யுன்னு இல்லம்மா..."

"பொய்தான்."

பெரியம்மாவின் முதுகு உலைக்கு அடியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை கொடுத்தேன். பீரங்கி மேசையில் இடிக்காதபடி சாய்த்து, இடது பக்கமாகப் படுக்க வைத்தேன். கனமான பொருள், சத்தமில்லாமல்தான் படுத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் தன் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மேசையில் கிடந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேற்றிலிருந்து அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. தான் உடைத்தது பிளாஸ்டிக்கை அல்ல என்று.

"அடுத்த போட்டிக்கு நான் வேடிக்கை பாக்க வருவேன். ஒருநாள் கூடத் தவற மாட்டேன்" என்று செயலாளரிடம் சொன்னேன். கூட்டம் முடியும்வரை பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பரிசு எலக்ட்ரீஷியனின் டாங்கிக்குப் போனது. நடந்து தலைமை தாங்க வேண்டிய இடத்தில் உருண்டு போகிற ஒரு டப்பா. கைதட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். பெட்டி என் மடியில் இருந்தது. அவர் நான்கு தடவை வாயைத் திறந்து நான்கு தடவை மூடினார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க" என்றேன். "எனக்குக் கோபம் வரும். அது போகாது, போகணும்னு எனக்கு ஆசையும் இல்ல. மூணு நாள் பேசாமலும் இருப்பேன். உங்களுக்குப் பயமா இருந்தா இருக்கட்டும். பயந்துக்கிட்டே சொல்லுங்க. சொல்லிட்டுப் பயந்துக்குங்க. எனக்காக நீங்களா யோசிச்சு எதையும் மறைக்காதீங்க."

சரி என்று தலையாட்டினார். இரண்டு ஸ்டாப் போயிற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

"இன்னொண்ணு இருக்கு" என்றார்.

நான் திரும்பினேன்.

"கடைக்குப் போறதுக்கு முன்னாடி, உடைஞ்ச மூடிய நானே ஒட்டலாம்னு பாத்தேன். சூப்பர் க்ளூவ மெலிசாத் தடவணும்னு, மேசையில இருந்ததுலயே சின்னதா ஒரு பிரஷ் எடுத்தேன். அது கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஆம்புலன்ஸ் சீட்டுக்கு அடியில போட்டிருக்கேன்."

ஓட்டியின் கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளி வைக்கிற பிரஷ். நுனியில் நான்கைந்து முடிதான் இருக்கும். கையில் பழகிவர எனக்கு எத்தனை மாதம் ஆயிற்று. அதைக் காணோம் என்று நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறேன். லேபுக்கும் அதை எடுத்துப் போவேன் என்பதால், அங்கே என் பக்கத்தில் உட்கார்கிறவள்தான் எடுத்திருக்க வேண்டும் என்று அவளிடம் முகத்துக்கு நேராகவே கேட்டு, அவள் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அப்போதெல்லாம் இந்த மனுஷன் என்னோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியவர்.

கத்தினேன். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடம் வரும்வரை, டிரைவர் கண்ணாடியில் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் நிறைய இடம் காலியாக இருந்தது. அவர் எழுந்து போகவில்லை. என் பக்கத்திலேயே, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.